தொட்டிக்கரியும் புகைபோக்கியும்: பரப்பைக் கூட்டினால் போதுமா?

வாசகர் கேள்வி, 17 ஆகஸ்ட் 2025

நல்ல கிளர்வூட்டிய கரிக்கு (நுண்துளைகள் உண்டாகும்படி சுட்டுப் பதப்படுத்திய கரி) ஒரு கிராமில் 3,000 சதுர மீட்டர் வரை உட்பரப்பு உண்டு என்று படித்தேன். காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. பரப்பு கூடினால் பிடிக்கும் வாயுவும் கூடும் என்பதுதானே கணக்கு? அந்தப் பரப்பை 4,000 வரை உயர்த்தி, அனல் மின் நிலையப் புகைபோக்கியில் நிரப்பி, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவிடலாமே. ஏன் யாரும் செய்வதில்லை?

18 ஆகஸ்ட்

பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும் என்பது உயர் அழுத்தத்தில் சரி, புகைபோக்கியில் சரியன்று.

நிலக்கரிக் கொதிகலனின் புகைவாயு ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்திலேயே வெளிவருகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 12 முதல் 15 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன், அதோடு நீராவி, சிறிது ஆக்சிஜன், கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள். ஆகவே கரியைத் தொடும் கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் (கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்) 0.15 பாருக்கு மேல் போவதில்லை; 1 பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம். இத்தனை குறைந்த அழுத்தத்தில் அகலமான துளைகளின் சுவர்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். மூலக்கூறை நிறுத்தி வைக்கும் ஈர்ப்பு, இரு சுவர்களும் ஒன்றையொன்று நெருங்கி நின்று, இரண்டின் இழுப்பும் ஒரே மூலக்கூறின் மேல் விழும் மிகக் குறுகிய துளைகளில்தான் கிடைக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் இயக்க விட்டம் 0.33 நானோமீட்டர். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் யூரி கொகோட்சியின் குழுவினர், கார்பைடுகளிலிருந்து உலோகத்தைக் குளோரினால் நீக்கிப் பெறும் கரிகளைக் கொண்டு 2011இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அவ்வகைக் கரியில் துளை அளவைத் தேவைக்கேற்ப நுட்பமாக மாற்ற முடியும். 1 பார் அழுத்தத்தில் பிடிப்பைத் தீர்மானிப்பவை 0.8 நானோமீட்டருக்கு உட்பட்ட துளைகள், 0.1 பாருக்கு வந்தால் 0.5 நானோமீட்டரும் அதற்குக் குறைவானவையும்.

இப்போது உங்கள் 3,000 சதுர மீட்டருக்கு வருவோம். அத்தகைய பரப்பைப் பெறப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கரியைப் போல் நான்கு மடங்கு எடையில் கலந்து, 800 டிகிரி அளவில் சுடுகிறார்கள். பரப்பு ஏறும்போதே துளைகள் ஒன்று, இரண்டு, மூன்று நானோமீட்டராக விரிந்துகொண்டே போகின்றன. மீத்தேனை உயர் அழுத்தத்தில் சேமிக்க அது மிகச் சிறந்த கரி. புகைவாயுவுக்கோ, 1,000 முதல் 1,500 சதுர மீட்டர் பரப்பில் குறுகிய துளைகளை மட்டும் வைத்திருக்கும் ஒரு கரி அதை எளிதாக விஞ்சிவிடும். நீங்கள் 4,000 நோக்கி ஏற நினைக்கிறீர்கள். கரி போக வேண்டிய திசை அதற்கு எதிரானது.

18 ஆகஸ்ட், இரவு

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொட்டிக்கரியை நீராவியால் கிளர்வூட்டும் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் இதே வகைக் கரிகளில் கார்பன் டை ஆக்சைடு பிடிப்பை அளந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் கரியின் தரத்தைச் சொல்லும் முதல் எண் அயோடின் எண், அதாவது ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பது. நுணுக்கிய கரியை அயோடின் கரைசலில் குலுக்கி, வடிகட்டி, மிஞ்சிய அயோடின் எவ்வளவு என்று தயோசல்பேட்டால் அளப்போம். கடைசியில் ஸ்டார்ச் விட்டதும் தோன்றும் கருநீலம், ஒரு துளியில் சட்டென்று மறையும். அந்த எண் 1,000ஐத் தாண்டினால் வாங்குபவர் மகிழ்வார்.

ஆனால் அயோடின் சென்று தங்குவது பெரும்பாலும் ஒரு நானோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளைகளில். புகைவாயுவுக்குத் தேவையான அரை நானோமீட்டர்த் துளைகளைப் பற்றி அது ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை. நீராவிச் சூளையில் கரி நீண்ட நேரம் கிடந்தால் அயோடின் எண் ஏறும். குறுகிய துளைகள் தின்னப்பட்டு அகலமாகும். சந்தை எந்த எண்ணுக்கு விலை கொடுக்கிறதோ அந்த எண்ணுக்கே சூளை ஓடுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்காக ஒரு கரி செய்வதானால், எங்கள் கணக்கில் 'பாதி வெந்தது' என்று ஒதுக்கப்படும் கரியை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

24 ஆகஸ்ட்

"ஆய்வுக் கட்டுரைகளில் கிராமுக்கு 4, 5 மில்லிமோல் என்று போடுகிறார்களே, அது போதாதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

அந்த எண்கள் உண்மையானவை. (கார்பன் டை ஆக்சைடில் ஒரு மில்லிமோல் என்பது 44 மில்லிகிராம்.) ஸ்பெயினின் ஓவியெதோ நகரில் உள்ள நிலக்கரி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்த்தா செவில்லாவும் அந்தோனியோ ஃபுயெர்த்தெஸும் மரத்தூளை வெந்நீரில் அழுத்தத்தில் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் குறைந்த அளவில், 600 டிகிரியில் பயன்படுத்தி, 25 டிகிரியில் 4.8 மில்லிமோல் பெற்றதை 2011இல் வெளியிட்டார்கள். மென்மையான கிளர்வூட்டலே சிறந்தது என்பதற்கு அது நல்ல சான்று. 2013இல் எய்மே எல்லோவும் மீட்டெக் யாரோனியெக்கும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் தேங்காய்த் தொட்டியை வெறும் கார்பன் டை ஆக்சைடாலேயே கிளர்வூட்டி 3.9 மில்லிமோல் பெற்றார்கள். இதில் காரம் இல்லை, அமிலக் கழுவல் இல்லை. இந்த இரண்டில் எதை மதிக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆனால் இரண்டு எண்களும் தூய வாயுவில், 1 பார் அழுத்தத்தில், உலர்ந்த கரியில் அளந்தவை. 0.15 பாருக்கு இறங்கினால் பெரும்பாலான கரிகளில் அந்த அளவில் மூன்றிலொரு பங்கோ அதற்கும் குறைவோதான் நிற்கும். புகைவாயுவின் வெப்பம் 40, 50 டிகிரி என்பதால் இன்னும் கழியும். பிடித்ததை முழுவதும் வெளியேற்றவும் முடியாது. ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளே வந்து வெளியே போகும் அளவே பயன்படு கொள்ளளவு. கிராமுக்கு 1 மில்லிமோல் பயன்படு கொள்ளளவு நடைமுறையில் கிடைத்தால் அந்தக் கரியை நான் மதிப்பேன். 0 டிகிரியில் அளந்த எண்ணைத் தலைப்பில் போட்டுப் புகைபோக்கியைப் பற்றிப் பேசும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைச் செய்தவரின் உழைப்பு, அதைப் பயன்படுத்த வேண்டியவருக்குப் போய்ச் சேராமலே போகிறது.

31 ஆகஸ்ட்

நைட்ரஜன் சேர்த்தல் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். கரியின் கட்டமைப்பில் நைட்ரஜன் அணுக்களைப் புகுத்தினால் பரப்பு காரத்தன்மை பெறும், அமிலத்தன்மை உள்ள கார்பன் டை ஆக்சைடை அது கூடுதலாக இழுக்கும் என்பது வாதம். கேட்க இயல்பாக இருக்கிறது. ஆனால் நைட்ரஜனைப் புகுத்தும் முறைகளில் பெரும்பாலானவை துளைகளின் அளவையும் சேர்த்தே மாற்றிவிடுவதால், கிடைத்த முன்னேற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். செவில்லாவின் குழுவினரே 2013இல் நைட்ரஜன் உள்ள கரிகளையும் இல்லாத கரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்து, பிடிப்பை முடிவு செய்வது குறுகிய துளைகளே, நைட்ரஜனின் பங்கு புலப்படவில்லை என்று எழுதினார்கள். நான் அந்தப் பக்கமே சாய்கிறேன். உங்களிடம் இருக்கும் காலத்தையும் பணத்தையும் முதலில் துளைக்குச் செலவிடுங்கள்.

1 செப்டம்பர்

கரி எவ்வளவு நைட்ரஜனைப் பிடிக்கிறது என்ற வரைபடத்திலிருந்து துளை அளவைக் கணக்கிட்டு அனுப்பியவருக்கு: திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினில் நைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு மிகக் குறுகிய துளைகளுக்குள் நுழையும் வேகமே இருப்பதில்லை. நமக்குத் தேவையான துளைகள் அந்த அளவீட்டில் மறைந்துபோகும். அதே கரியில் 0 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு அளந்து, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் அளவீட்டில் சாதாரணமாகத் தெரிந்த ஒரு கரி இரண்டாவதில் முந்தி நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

7 செப்டம்பர்

பிடிப்பு எண்ணை ஆலையின் அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் இருப்பவை 210 மெகாவாட் அலகுகள். அப்படிப்பட்ட ஒன்று முழுச் சுமையில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று தோராயமாக வைத்தாலும் 5,000 டன் கார்பன் டை ஆக்சைடு. அதில் 90 விழுக்காட்டைப் பிடிப்பதென்றால் 4,500 டன்.

பயன்படு கொள்ளளவு கிராமுக்கு 1 மில்லிமோல் என்றால் ஒரு டன் கரி ஒரு சுழற்சியில் 44 கிலோ பிடிக்கும். பிடித்தல், சூடாக்குதல், வெளியேற்றுதல், குளிரவைத்தல் எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆனால் நாளுக்கு 24 சுழற்சிகள். ஒரு டன் கரிக்கு 1,056 கிலோ. ஆக ஓர் அலகுக்கு மட்டும் ஏறத்தாழ 4,260 டன் கரி வேண்டும். சுழற்சியை ஆறு நிமிடத்துக்குக் குறைத்தால் 426 டன் போதும்.

கரியின் கொள்ளளவை இரண்டு மடங்காக்க ஓர் ஆய்வாளர் தன் முனைவர் பட்டக் காலம் முழுவதையும் செலவிடலாம். சுழற்சி நேரத்தைப் பத்திலொன்றாக்கினால் கரியின் தேவையும் பத்திலொன்றாகிறது. அதனால்தான் 'கரியை மேம்படுத்துதல்' என்றால் வேதியியலை மட்டும் எண்ணாமல், கரித்துண்டின் வடிவம், அளவு, வெப்பம் கடத்தும் திறன் ஆகியவற்றையும் எண்ண வேண்டும் என்று விடாமல் சொல்லிவருகிறேன்.

7 செப்டம்பர், பின்னிணைப்பு

மேலே உள்ள அலகின் புகைவாயு மணிக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் கன மீட்டர். இதைக் கரிப்படுகை வழியாகத் தள்ளும்போது 0.1 பார் அழுத்தம் இழந்தால், அதை ஈடுகட்டும் விசிறிக்கு மட்டும் 3 மெகாவாட் அளவில் மின்சாரம் போய்விடும். துண்டுகளைச் சிறிதாக்கினால் வாயு விரைவில் உட்புகும். அழுத்த இழப்போ கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே சிறுமணிகள் நிரம்பிய படுகைக்கு அதிக இடமில்லை. தேன்கூட்டு வடிவக் கரிப்பாளங்களை நோக்கிப் பலரும் போவதன் காரணம் இதுவே.

20 செப்டம்பர்

வெப்பத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சற்று நீண்ட பதில்.

கரிக்குச் சாதகமாக எல்லோரும் சொல்வது, அது கார்பன் டை ஆக்சைடை மென்மையாகவே பிடிக்கிறது, ஆகவே விடுவிக்கக் குறைந்த வெப்பம் போதும் என்பது. இது பாதி உண்மை. கரியிலிருந்து ஒரு மோலை விடுவிக்க ஏறத்தாழ 25 கிலோஜூல் போதும், டன்னுக்கு 0.57 ஜிகாஜூல். ஆனால் அந்த வாயுவைச் சுமந்து நிற்கும் கரியையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது. கரியின் தன்வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 1 ஜூல். 100 டிகிரி ஏற்றினால் ஒவ்வொரு கிராமுக்கும் 100 ஜூல், அதற்குக் கைம்மாறாகக் கிடைப்பதோ 44 மில்லிகிராம் வாயு. டன் கணக்கில் 2.27 ஜிகாஜூல். இரண்டையும் கூட்டினால் 2.8க்கு மேல் வருகிறது. கார்பன் டை ஆக்சைடை மோனோஎத்தனாலமைன் என்ற காரக் கரைசலில் பிடிக்கும் பழைய முறைக்கு 3.5 முதல் 4 வரை ஆகிறது. புதிய கரைசல்கள் 2.5 அளவுக்கு வந்துவிட்டன. அப்படியானால் கரியின் அனுகூலம் எங்கே?

இரண்டு இடங்களில் இருக்கிறது. பயன்படு கொள்ளளவு 2 மில்லிமோல் ஆனால் அந்த வீண்சூடு பாதியாகி, மொத்தம் 1.7 ஆகிறது. அல்லது, சூடான கரி குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தை அடுத்துச் சூடாக வேண்டிய கரிக்குக் கொடுத்தால் அதே பலன் கிடைக்கும். இரண்டாவது வழி பொறியாளரின் வேலை என்று வேதியியலாளர் ஒதுங்குகிறார். முதலாவது வேதியியலாளரின் வேலை என்று பொறியாளர் ஒதுங்குகிறார். நான் பார்த்த வரையில் பல திட்டங்கள் நின்றுபோவது இந்த இடைவெளியில்தான்.

வெப்பத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாயுவைப் பிடிக்கும்போது கரி தானே சூடாகிறது. கிராமுக்கு 1 மில்லிமோல் பிடித்தால் 25 ஜூல் வெளிப்படும். வாயு சிறிது எடுத்துச் செல்லாவிட்டால் படுகை 25 டிகிரி ஏறிவிடும். பிடிப்பு அப்போதே குறையத் தொடங்கும். சமவெப்பநிலையில் அளந்த அழகான வரைபடம் எதுவும் இதைக் காட்டாது.

21 செப்டம்பர்

"கரி மின்சாரத்தைக் கடத்துமே, அதிலேயே மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினால் என்ன?" என்ற கேள்வி. நல்ல கேள்வி, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் டிம் பர்ச்செல் முதலானோர் 1990களிலேயே கரியிழைக் கூட்டுப்பொருளில் இதைச் செய்துகாட்டினார்கள். சூடு சில நிமிடங்களில் சீராகப் பரவும், நீராவி தேவையில்லை, சுழற்சி குறுகும்.

ஆனால் நேற்றைய 2.8 ஜிகாஜூலை மின்சாரமாக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 780 யூனிட். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டு அந்த அலகு உண்டாக்கிய மின்சாரமே 1,000 யூனிட்தான். சுழலியிலிருந்து தாழ்ந்த அழுத்த நீராவியை எடுத்துச் சூடாக்கினால் இழக்கும் மின்சாரம் இதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகவே இருக்கும். ஆகவே மின்சூடு என்பது, வெப்ப மீட்பு மிக நன்றாக அமைந்த இடத்தில், கடைசிச் சில டிகிரிகளை ஏற்றுவதற்கு மட்டுமே பொருந்தும்.

5 அக்டோபர்

தூய்மை பற்றி இதுவரை எழுதவில்லை. கரியின் உண்மையான பலவீனம் இது என்று நினைக்கிறேன்.

நைட்ரஜனோடு ஒப்பிட்டுக் கார்பன் டை ஆக்சைடை விரும்பும் தேர்வுத்திறன், சாதாரணக் கரியில் 10 முதல் 20 வரை. 15 என்று வைத்துக்கொண்டு, 15 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள வாயுவைக் கொடுத்தால் கரியின் மேல் தங்குவதில் 73 விழுக்காடு மட்டுமே கார்பன் டை ஆக்சைடு. துண்டுகளுக்கு இடையே சிக்கிய வாயுவைச் சேர்த்தால் இன்னும் குறையும். குழாயில் அனுப்பி நிலத்தடியில் செலுத்த 95 விழுக்காடு அளவில் தூய்மை கேட்கிறார்கள். ஆகவே பிடித்த வாயுவிலேயே ஒரு பகுதியைத் திருப்பிவிட்டுப் படுகையை அலச வேண்டியிருக்கிறது, அல்லது இரண்டாம் கட்டம் ஒன்று வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஆற்றலைத் தின்னும். 13எக்ஸ் என்ற ஜியோலைட்டின் (நுண்துளைகள் உள்ள அலுமினோசிலிகேட் பொருள்) தேர்வுத்திறன் உலர்ந்த வாயுவில் 100ஐத் தாண்டும். முதல் வீச்சிலேயே தூய்மை கிடைக்கும்.

துளை வாயைக் குறுக்கி நைட்ரஜனைத் தடுக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். காற்றிலிருந்து நைட்ரஜன் பிரிக்கும் ஆலைகளில் உள்ள கரிச்சல்லடைகள், துளை வாயில் மெல்லிய கரிப்படலம் படியவைத்துச் செய்யப்படுபவைதாம். ஆக்சிஜன் விரைந்து நுழையும், நைட்ரஜன் பின்தங்கும். நைட்ரஜனின் விட்டம் 0.364, கார்பன் டை ஆக்சைடுடையது 0.33. இந்த 0.03 நானோமீட்டர் இடைவெளியில் வாயை நிறுத்திவிட்டால் தேர்வுத்திறன் ஏறும். ஆனால் வாயைக் குறுக்கும்போது கார்பன் டை ஆக்சைடின் வேகமும் குறையும். செப்டம்பர் 7இல் சொன்ன ஆறு நிமிடச் சுழற்சி கைநழுவும்.

6 அக்டோபர்

நேற்றையதை எழுதிய பிறகு நைட்ரஜன் சேர்த்தல் பற்றி ஆகஸ்டில் சொன்னதை மறுபடி எண்ணிப் பார்த்தேன். பிடிக்கும் அளவைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. ஆனால் 0.1 பாரைச் சுற்றி, தேர்வுத்திறனை மட்டும் எடுத்துக்கொண்டால், பரப்பில் உள்ள முனைவுத்தன்மை கார்பன் டை ஆக்சைடின் நான்முனைத் திருப்புத்திறனோடு (அதன் மூலக்கூறில் மின்னூட்டம் பரவியிருக்கும் விதம்) ஊடாடுவதால் சிறு ஆதாயம் இருக்க இடமுண்டு. அதற்குக் கொடுக்கும் விலை, நீரையும் அதே பரப்பு கூடுதலாக அழைத்துக்கொள்வது. உலர்ந்த வாயுவில் ஆதாயம், ஈர வாயுவில் இழப்பு என்று முடியலாம். நைட்ரஜன் சேர்த்த கரியைப் பற்றி எழுதும் எவரும் ஈர வாயுவில் அளந்த எண்ணைச் சேர்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பதே இப்போது என் நிலை.

19 அக்டோபர்

நீரும் கந்தகமும்.

ஜியோலைட்டை முன்வைத்து இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதன் தேர்வுத்திறனை மேலே நானே புகழ்ந்தேன். ஆனால் ஈரம் பட்டால் 13எக்ஸ் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு நீரைப் பற்றிக்கொள்ளும். அந்த நீரை விரட்ட 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். கரி அப்படியன்று. காற்றின் ஈரப்பதம் குறைவாக உள்ளவரை அது நீரை ஏறத்தாழ ஏற்பதே இல்லை. 40, 50 விழுக்காட்டைத் தாண்டியதும், பரப்பில் ஆங்காங்கே உள்ள ஆக்சிஜன் முனைகளில் தொங்கும் சில நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிப் பெருகித் துளையை அடைத்துவிடும். கிளர்வூட்டி முடித்த கரியை உலர்த்தி எடுத்துத் தராசில் வைத்தால், மழைக்கால நாட்களில் கடைசி இலக்கம் நிற்காமல் மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். கோடையில் அதே கரி அசையாமல் நிற்கும். கந்தகத்தை நீக்கும் ஈரக் கழுவலிலிருந்து வரும் புகைவாயு 50 டிகிரியில் முழு ஈரத்தோடு வருவதால் இது சிறிய செய்தியன்று. வாயுவைச் சில டிகிரி மீண்டும் சூடாக்கினாலே ஒப்பு ஈரப்பதம் வெகுவாக இறங்கும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு பிடிப்பும் உடன் இறங்கும். எந்த வெப்பநிலையில் இரண்டும் சேர்ந்து சிறப்பாக அமையும் என்பதை ஒவ்வொரு கரிக்கும் தனித்தனியே கண்டறிய வேண்டும். 700 டிகிரிக்கு மேல் மந்த வாயுவில் மறுபடி சுட்டு ஆக்சிஜன் முனைகளை நீக்கிய கரி நீரை இன்னும் தள்ளிப்போடும். என் பட்டறிவில் மிகக் குறைந்த செலவில் மிக நல்ல பலன் தரும் மேம்பாடு இதுதான்.

கந்தக டை ஆக்சைடு வேறு கதை. ஆக்சிஜனும் நீரும் உடனிருக்க, கரியே வினையூக்கியாகி அதைக் கந்தக அமிலமாக மாற்றித் துளைக்குள் வைத்துக்கொள்ளும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதே பண்பைக் கொண்டு கந்தக நீக்கமே செய்கிறார்கள். அந்த அமிலத்தை வெளியேற்ற 300, 400 டிகிரி வேண்டும். கரியை 120 டிகிரி வரை மட்டும் சூடாக்கி வாயுவை விடுவிக்கும் நம் சுழற்சியில் அது அசையாது, சுழற்சிக்குச் சுழற்சி சேர்ந்து துளைகளை அடைக்கும். இந்தியாவில் 2015ஆம் ஆண்டு விதிகள் கேட்ட கந்தக நீக்கக் கருவி பெரும்பாலான அனல் மின் அலகுகளில் இல்லை. 2025 ஜூலையில் அவற்றில் பெரும்பகுதிக்கு விலக்கும் அளித்தாயிற்று. எனவே இங்கே கரிப்படுகை வைப்பவர், முன்னால் ஒரு கழுவு கோபுரத்தின் செலவையும் தம் கணக்கிலேயே எழுத வேண்டும். இந்த விலக்கு கார்பன் பிடிப்பையும் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும்.

20 அக்டோபர்

"கரியை விட்டுவிட்டு உலோக-கரிம வலைப்பின்னலுக்குப் போகலாமே?" கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழுவினர் உருவாக்கிய கால்ஃப்-20, துத்தநாக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த நுண்துளைப் பொருள், உண்மையிலேயே சிறந்தது, 40 விழுக்காடு ஈரப்பதம் வரை நீரைவிடக் கார்பன் டை ஆக்சைடையே விரும்புகிறது. ஸ்வான்டே நிறுவனம் அதை மெல்லிய தகடுகளில் பூசி, நீராவியால் விரைவாக விடுவித்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிச்மண்ட் நகரச் சிமென்ட் ஆலையில் ஓட்டியிருக்கிறது. அவர்களுடைய வெற்றியில் பாதி, பொருளின் வேதியியல். மற்றப் பாதி, அதைத் தகடாக்கிச் சுழற்சியை மிகக் குறுகச் செய்தது. கரிக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மற்றப் பாதி.

2 நவம்பர்

கரியில் அதைச் செய்தவர்கள் இல்லாமலில்லை. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் நிறுவனத்தார், செயற்கைப் பிசினிலிருந்து செய்த மிகச் சிறிய கரி உருண்டைகளைப் பயன்படுத்தினார்கள். உருண்டைகள் உயரமான கோபுரத்தில் தம் எடையாலேயே மேலிருந்து இறங்கும். மேற்பகுதியில் புகைவாயுவைச் சந்திக்கும், கீழ்ப்பகுதியில் நீராவியால் சூடாகி வாயுவை விடும், பிறகு உலர்ந்து குளிர்ந்து மீண்டும் மேலே ஏற்றப்படும். ஒஹையோவின் டொலீடோ பல்கலைக்கழகக் கொதிகலன் புகையில் அதைச் சோதித்தபோது 90 விழுக்காட்டுக்கு மேல் பிடிப்பும் மிக உயர்ந்த தூய்மையும் கிடைத்தன. இறங்கிவரும் கரியின் மேல் கார்பன் டை ஆக்சைடே எதிர்த்து ஏறி நைட்ரஜனை அலசிவிடுவதால், அக்டோபர் 5இல் சொன்ன தூய்மைச் சிக்கல் அந்த அமைப்பிலேயே பெருமளவு தீர்கிறது.

தொட்டிக்கரியால் இது முடியுமா என்று உடனே கேட்பீர்கள். உடைத்துச் சலித்த தொட்டிக்கரி கூர்முனைகள் உள்ள துண்டு. ஒரு பிடியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள்; துண்டு உடையாது, ஆனால் முனைகள் தேய்ந்து கையில் மெல்லிய கருந்தூள் பூசிக்கொள்ளும். தங்கம் பிரிக்கும் ஆலைகள் தொட்டிக்கரியை அதன் கடினத்துக்காகவே வாங்குகின்றன, அவர்களே அனுப்புமுன் முனைகளைத் தேய்த்து நீக்கித் தரச் சொல்கிறார்கள். அந்த முன்தேய்ப்பு இங்கும் உதவும். ஆனாலும் இடைவிடாது விழுந்து ஏறும் வாழ்க்கைக்கு உருண்டையே பொருத்தம். தொட்டிக்கரிக்கு ஏற்றது, தூளாக்கிப் பிணைப்பியோடு சேர்த்துத் தேன்கூட்டுப் பாளமாக்கி நிலையாக வைப்பது. பிணைப்பி துளை வாய்களை மூடாமல் பார்த்துக்கொள்வதில்தான் வேலையே இருக்கிறது.

3 நவம்பர்

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முறையை நாமே செய்யலாமா என்றவருக்கு: ஆய்வகத்தில் செய்யலாம். 700 டிகிரிக்கு மேல் காரம் கரியோடு வினைபுரிந்து உலோகப் பொட்டாசியமே பிறக்கிறது. அது எஃகையும் அரிக்கும், குளிர்ந்த பின் ஈரம் பட்டால் தீயும் பிடிக்கும். கடைசியில் அமிலமும் ஏராளமான நீரும் கொண்டு கழுவ வேண்டும். கரி சுட்டு நீர் ஊற்றி அணைத்ததால் நிலத்தடி நீர் கெட்ட ஊர்களில் இன்னொரு கழிவுநீரைச் சேர்க்கும் முறையை நான் ஆதரிக்க மாட்டேன். நீராவியையோ கார்பன் டை ஆக்சைடையோ கொண்டு, மெதுவாக, குறைந்த எரிவிழப்பில் (கிளர்வூட்டும்போது எரிந்து போகும் கரியின் பங்கு) நிறுத்துவதே நமக்குரிய வழி.

16 நவம்பர்

"கரி செய்வதிலேயே இவ்வளவு புகை போகிறதே, பிடிப்பதைவிட விடுவது அதிகமாகாதா?" இந்த இழையில் வந்த கேள்விகளில் மிகவும் நியாயமானது இதுதான்.

நூறு கிலோ தொட்டியிலிருந்து 25 முதல் 30 கிலோ கரி. அதிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கிளர்வூட்டிய கரி. தொட்டியில் பாதி எடை கார்பன் என்று கொண்டால், 40 கிலோ கார்பன் காற்றில் போகிறது; அது 147 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்தப் பத்துக் கிலோ கரி, மணிக்கொரு சுழற்சியில், நாளுக்கு 10.5 கிலோ பிடிக்கும். ஆக இரண்டே வாரத்தில் கணக்கு நேராகிவிடும்; அதுவும் அந்தக் கார்பன் தென்னை காற்றிலிருந்து எடுத்ததே என்ற சலுகையைக் கொடுக்காமல். திறந்த குழியில் சுடும்போது வெளியேறும் மீத்தேனையும் தாரையும் சேர்த்தால் கணக்கு மோசமாகும், ஆகவே மூடிய சூளையும் அதன் வாயுவை எரித்து நீராவி ஆக்குவதும் கட்டாயம். ஆனால் முடிவைத் திருப்பிப்போடக்கூடிய எண் சூளையில் இல்லை. கரி எத்தனை ஆயிரம் சுழற்சி தாங்கும் என்பதில் இருக்கிறது.

17 நவம்பர்

இளநிலை ஆய்வாளர் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். மின் நிலையத்தில் தொடங்காதீர்கள். சிமென்ட் சூளை வாயுவில் 20 விழுக்காட்டுக்கு மேலும், இரும்பு ஊதுலை வாயுவில் அந்த அளவிலும் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். அழுத்தம் சிறிது கூடினாலே கரியின் நிலை வெகுவாக உயரும். விற்க இடமும் வேண்டும். தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை 2016 முதல் தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மூலப்பொருளாக்கத் தொடங்கியது. அது கரைசல் முறைதான், ஆனால் பிடித்த வாயுவுக்கு மதில் சுவருக்கு உள்ளேயே தேவை இருந்ததால்தான் அது நடந்தது.

கரியைப் பொறுத்தவரை, குறைந்த எரிவிழப்பில் மூன்று தரங்களைச் சூளையிலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றையும் 40 டிகிரியில், 15 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள கலவையில், முதலில் உலர்ந்தும் பிறகு 60 விழுக்காடு ஈரப்பதத்திலும், சிறு படுகையில் ஊடுருவல் வளைவாக (படுகையைத் தாண்டி வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு நேரத்தோடு எப்படி ஏறுகிறது என்ற வரைபடம்) அளவிடுங்கள். அதன் பின் 120 டிகிரியில் விடுவித்து, அதே படுகையை நூறு சுழற்சிக்குக் குறையாமல் ஓட்டுங்கள். நடுவில் சிறிது கந்தக டை ஆக்சைடைச் சேர்த்து, எந்தச் சுழற்சியில் வளைவு இடம்பெயரத் தொடங்குகிறது என்று குறியுங்கள். எந்தத் தரம் வந்தாலும் அயோடின் எண்ணையும் உடன் எழுதுங்கள், சூளைக்காரருக்குப் புரியும் எண் அது ஒன்றுதான். அளந்ததை இங்கே இடுங்கள். எங்கள் ஆய்வகத்தில் அதே தரங்களை மறுபடி அளந்து பக்கத்தில் வைக்கிறேன்.